விக்கல் வந்தபோது சிரித்தோம்

போன சித்திரையில் நடந்தது இது. உத்திரமேரூரில் டவுன் பஸ் ஏறினால் கடைசிக்கு முந்தின நிறுத்தம் எங்கள் ஊர். அந்த வருடம் வெயில் கொளுத்து கொளுத்தென்று கொளுத்தியது. ஏரி வற்றிப்போய், ஆடு மாடெல்லாம் நிழல் தேடி பஸ் நிறுத்தக் கூரைக்குள் வந்து நின்றுகொண்டன. பஸ்ஸுக்குக் காத்திருந்த நாங்கள் வெளியே வெயிலில் நின்றோம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரவிக்கை தைப்பது என் தொழில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர். கொஞ்சம் என்று சொல்வது அவர்களுடைய பெருந்தன்மை. அளவு எடுக்கும்போதே, "போன தீபாவளிக்கு இப்ப பெருத்துட்டீங்களே அக்கா" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவள் நான். அப்படிப்பட்ட நான் ஒரே ஒருவரிடம் மட்டும் அடக்கி வாசிப்பேன். அவர் என் மாமனார்.

பயமெல்லாம் கிடையாது, மரியாதை. அவர்தான் அப்படிப் பழக்கிவிட்டார். வீட்டுக்குள் வருமுன் வாசலில் நின்று ஒரு தடவை கனைப்பார். நான் கூடத்தில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் இன்னொரு தடவையும் கனைப்பார். தோளில் துண்டில்லாமல் என் எதிரில் வந்ததே இல்லை. குளிக்கப் போவதென்றால் நான் பின்பக்கம் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் போவார். "சோறு போடும்மா", "போதும்மா", "மாட்டுக்குத் தண்ணி காட்டினியாம்மா" என்பதற்கு மேல் எங்களுக்குள் பெரிய பேச்சு வார்த்தை இருந்ததில்லை. ஆனால் மெஷின் எண்ணெய் தீர்ந்துபோனால் நான் சொல்லாமலே புது பாட்டில் ஜன்னலில் வந்து உட்கார்ந்திருக்கும். அவர் பாசம் அப்படி.

அந்தச் சித்திரையில் கழனி வேலியைச் சரிசெய்யப் போனவருக்குக் குதிகாலில் கருவேல முள் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தார். கேட்டால், "ஒன்னும் இல்லம்மா, சுளுக்கு" என்றார். ஒரு நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் வரைக்கும் கால் வீங்கிச் சிவந்து, தொட்டால் அடுப்பாகச் சுட்டது. காய்ச்சலில் பல் கிட்டியது. வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

காலில் சீழ் பிடித்திருக்கிறது என்று சொல்லி அன்றைக்கே கீறி எடுத்துக் கட்டுப் போட்டார்கள். ஊசி மருந்து ஏறியது, முதல் நாள் பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸும் ஏறியது. மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. "இனிமே வாய் வழியாவே நல்லா தண்ணி குடுங்க, காலைக் கீழே ஊன வேணாம், கட்டில்லயே எல்லாம் பண்ணிக்கட்டும்" என்று சொன்ன சிஸ்டர், அந்த 'எல்லாம்' என்பதற்காக ஒரு பிளாஸ்டிக் குடுவையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். மாமா அதைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் குடுவையின் மேல் ஒரு தினத்தாள் விரித்து மூடியிருந்தது. எப்போது மூடினார் என்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இருப்பதற்கு எங்களுக்குள் முறை பிரித்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் அரிசி மில்லுக்கு லோடு வண்டி ஓட்டுகிறார். பகலில் அவர் வண்டியை விட முடியாது, அதனால் ராத்திரி அவர் இருப்பார். என் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட முடியவில்லை, அதோடு கன்று போட்ட மாட்டை விட்டு அவரால் நகர முடியாது. ஆகவே பகல் முழுவதும் நான்.

சும்மா சொல்லக்கூடாது, நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். காலையில் போகும்போதே கேழ்வரகுக் கூழ், மோர், வடிகட்டின கஞ்சி என்று தூக்கு நிறைய கொண்டுபோவேன். வழியில் இளநீர் வாங்குவேன். பெரிய பாட்டிலில் தண்ணீர் பிடித்துத் தலைமாட்டில் வைப்பேன். "குடிங்க மாமா" என்றால், "வெச்சிட்டுப் போம்மா, அப்பறம் குடிக்கிறேன்" என்பார். நான் டீ குடிக்க வெளியே போய்விட்டு வந்தால் பாட்டில் காலியாக இருக்கும். எனக்குத் திருப்தி. மறுபடி பிடித்து வைப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். இடுப்பு எலும்பு முறிந்தவர். அவர் பெண்டாட்டிக்கு நிமிஷ நேரம் ஓய்வு கிடையாது. "அந்த டப்பாவ எடு", "இத்த கொண்டும் போய் ஊத்து" என்று அந்தம்மாவைப் பெரியவர் விரட்டிக்கொண்டே இருப்பார். அந்தம்மா ஒரு நாள் என்னிடம், "உங்க மாமா தங்கமான மனுசம்மா. ஒரு தொல்ல இருக்குதா பாரு" என்றார். எனக்கு அப்படியே பெருமை தாங்கவில்லை. "எங்க மாமா எப்பவும் அப்படித்தான். யாருக்கும் கஷ்டம் குடுக்க மாட்டாரு" என்று நாலு கட்டிலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

சிஸ்டர் தினமும் காலையில் வந்து கேட்பார். "ஐயா, யூரின் நல்லா போவுதா?"

"போவுதும்மா" என்பார் மாமா, ஜன்னலைப் பார்த்தபடி. அந்தக் கேள்வி வரும்போது நான் நாகரிகமாகத் தள்ளிப் போய் நின்றுகொள்வேன்.

கால் வீக்கம் வடிந்தது. புண் நன்றாக ஆறுகிறது, இன்னும் இரண்டொரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள். மாமாவுக்கு முகம் மட்டும் லேசாக ஊதினாற்போல இருந்தது. படுத்தே கிடந்தால் அப்படித்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சாப்பாட்டைக் கண்டால் குமட்டுகிறது என்றார். ஆஸ்பத்திரி நாற்றத்துக்கு யாருக்குத்தான் குமட்டாது? எப்போது பார்த்தாலும் தூங்கினார். வாழ்க்கை முழுக்க உழைத்தவர், இப்போதாவது தூங்கட்டும் என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் அப்பாவைப் பார்க்க வந்திருந்தாள். என் வீட்டுக்காரரும் வண்டி இல்லாததால் பகலிலேயே வந்திருந்தார். எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அப்போது மாமாவுக்கு விக்கல் வந்தது.

ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து நிற்காமல் வந்தது. நாத்தனார் சிரித்தாள். "அம்மாதான் வூட்ல நெனச்சிக்கினு கீது. இத்தினி நாளு பிரிஞ்சி இருந்ததே இல்லல்ல" என்றாள். எனக்கும் சிரிப்பு. உடனே மாமியாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "அத்தை, மாமாவ நெனச்சது போதும், விக்கி விக்கி கஷ்டப்படுறாரு" என்றேன்.

"நான் எங்கடி நெனச்சேன்? மாட்டுக்குத் தவுடு கலக்கிக்கினு கீறேன்" என்றார் மாமியார். வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில் பெரியவர்கூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

விக்கல் நிற்கவில்லை. நாத்தனார் பிடி சர்க்கரையை வாயில் போட்டுப் பார்த்தாள். அப்புறம், திடுக்கிட வைத்தால் நின்றுவிடும் என்று என்னிடம் கண்ணடித்துவிட்டு, திடீரென்று கத்தினாள். "ஐயோ நைனா! மாடு கயித்த அறுத்துக்கினு ரோட்ல ஓடிடுச்சாம்!"

அந்த மாடு என்றால் மாமாவுக்கு உயிர். அதன் சாணியின் நிறத்தைப் பார்த்தே உடம்புக்கு என்ன என்று சொல்வார். அவர் மெல்லக் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார்.

"எந்த மாடு?" என்றார்.

அதற்கும் சிரித்தோம். எங்கள் திட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார், திருப்பிக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தோம். நான் ஒருத்தி, "பாருங்க, மாமாவுக்குக்கூட தமாஷ் வருது" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். துண்டு தோளிலிருந்து நழுவிக் கிடந்தது, அதை எடுத்துப் போடவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கேலியே இல்லை. வழியில் போகிற பெண்ணிடம் விசாரிக்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டார். நான் சிஸ்டரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன், செருப்புகூடப் போடவில்லை.

டியூட்டியில் இருந்தது ஒரு இளவயது டாக்டரம்மா. வந்தவர் மாமாவின் முகத்தை, கண் இமையை, முள் குத்தாத காலை எல்லாம் அமுக்கிப் பார்த்தார். அடிவயிற்றில் கைவைத்துப் பார்த்தார். விக்கல் எப்போதிருந்து என்று கேட்டார். பிறகு எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியா எப்ப யூரின் போனாரு?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"பகல்ல நீதான இருந்த" என்றார் அவர்.

"ராத்திரி உங்க கூடப் போயிருப்பாருன்னு நெனச்சேன்" என்றேன்.

"என்னிய அவரு எழுப்பவே இல்லியே. பகல்லயே முடிச்சிட்றாருன்னு நான் படுத்துட்டேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்த தினத்தாளை எடுத்தார். அதன் கீழே குடுவை புதிதாகக் கடையில் வாங்கின மாதிரி காய்ந்து, பளபளவென்று இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். குழாய் போட்டுப் பார்த்தார்கள், பையில் காபிக் கலரில் ஏதோ கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு கிட்னியும் வேலை செய்றத நிறுத்திடுச்சு" என்றார்.

எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. காலில் முள் குத்தினவருக்கு எப்படிக் கிட்னி போகும்? சர்க்கரை உண்டா என்றால் இல்லை. குடி உண்டா என்றால் இல்லை. கிட்னி வியாதி என்றால் வருஷக்கணக்கில் படுத்தி எடுத்துவிட்டுத்தானே வரும்? போன வாரம் வரைக்கும் வேலி கட்டிக்கொண்டிருந்த மனிதர்.

நாத்தனார் ஓவென்று கத்த ஆரம்பித்தாள். "முள்ளு குத்தினதுக்கு சேத்தோம்! கிட்னி எப்டி போவும்? இன்னா பண்ணீங்க எங்க நைனாவ?" என்றவள், விடுவிடுவென்று கட்டிலுக்கு ஓடி மாமாவின் சட்டையைத் தூக்கி, இடுப்பின் இரண்டு பக்கமும் தடவித் தடவித் தேடினாள். என்ன தேடுகிறாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. தையல் தேடினாள். கிட்னியைத் திருடிவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார். இன்றைக்கு அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கும் ஒரு நிமிஷம் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்தது.

அந்த டாக்டரம்மாவுக்குப் பொறுமை எங்கிருந்து வந்ததோ. மூன்று பேரையும் ஸ்கேன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். டிவி மாதிரி இருந்த பெட்டியில் விரல் வைத்துக் காட்டினார். "இது ஒன்னு, இது ஒன்னு. ரெண்டும் அங்கயேதான் இருக்கு. நாள்பட்ட வியாதின்னா சுருங்கிப் போயிருக்கும். உங்கப்பாவுக்கு நல்ல அளவுலதான் இருக்கு. இது இந்த சில நாள்ல வந்தது" என்றார். பிறகு என் வீட்டுக்காரரிடம், "உங்க போர்ல தண்ணியில்லாம மோட்டார் ஓடினா இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

"காயில் கருகிப் பூடும்" என்றார் அவர்.

"அதுக்குள்ள நிறுத்திட்டா?"

"சில நேரம் தப்பிச்சிக்கும்."

"அந்த சில நேரத்துக்குத்தான் இப்ப நாம ஓடணும்" என்றார். வயசானவர்களுக்குக் கிட்னி முதலிலேயே கொஞ்சம் தளர்ந்திருக்குமாம். அதன் மேல் காய்ச்சல், சீழின் விஷம், உடம்பில் தண்ணீர் வற்றுவது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் வலியே இல்லாமல் சட்டென்று நின்றுவிடுமாம். வெளியே போகவேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கி மூளைக்கு ஏறியதால்தான் ஆள் அடையாளம் தெரியவில்லை. குமட்டல், தூக்கம், முகவீக்கம் எல்லாம் அதுதான்.

"விக்கலுமா?" என்று கேட்டேன்.

"விக்கலும்தான்" என்றார்.

உடம்பு எங்களிடம் கத்திச் சொல்லியிருக்கிறது. நாங்கள் அதற்கு ஸ்பீக்கரில் போன் போட்டுச் சிரித்திருக்கிறோம்.

வேறு ஏதாவது மாத்திரை போடுகிறாரா என்று கேட்டார் டாக்டரம்மா. இல்லவே இல்லை என்றேன். வார்டுக்குத் திரும்பி மாமாவின் வேட்டியை மாற்றும்போது இடுப்பு மடிப்பிலிருந்து மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. அதே மெடிக்கல் கடை வலி மாத்திரை. கட்டுப் பிரிக்கும்போது வலித்ததைச் சிஸ்டரிடம் சொல்லாமல், தானே போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். தண்ணீர் வற்றின உடம்பில் அந்த மாத்திரை கிட்னியை இன்னும் அடிக்கும் என்றார் டாக்டரம்மா.

"தண்ணி எப்டி வத்தும்? பாட்டில் பாட்டிலா நான் குடுத்தேனே டாக்டர்" என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டேன்.

அப்போது பக்கத்துக் கட்டில் பெரியவர் தொண்டையைச் செருமினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "அந்தத் தண்ணியெல்லாம் எனக்குத்தாம்மா குடுத்தாரு" என்றார். "எளநி, மோரு எல்லாம். நீ டீக்கடைக்குப் போனதும் எங்கிட்ட நீட்டிடுவாரு. வேணாம்யா, நீ குடின்னு சொன்னேன். குடிச்சா வந்துடுமேய்யா, மருமவப் பொண்ணு எதிர்ல அந்தக் குடுவைய எப்டி எடுக்கறது, அப்பறம் அதக் கொண்டும் போய் ஊத்துன்னு அந்தப் பொண்ணு கையிலயா குடுக்கறது, தெய்வத்துக்கே அடுக்காதுன்னாரு. பகலெல்லாம் வண்டி ஓட்டிட்டு ராவுல கண்ணசர்ற புள்ளய எழுப்பவும் மனசு வரலன்னாரு. வாய நனச்சிக்கினு விட்டுட்டாரும்மா. நான் இன்னா கண்டேன், இப்டி ஆவும்னு."

எனக்காக. என் எதிரில் கூச்சப்பட்டு, எனக்கு அந்த வேலையை வைக்கக்கூடாது என்று, சித்திரை வெயிலில் ஒரு மனிதர் தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார். நான் அவருக்குத் தொந்தரவே கிடையாது என்று பெருமை பேசியிருக்கிறேன்.

நாத்தனார் அதைக் கேட்டதும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், அப்பா வாயில் ஊற்ற. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப ஊத்தாதீங்க. வெளிய போற வழி அடைச்சிருக்கு. ஊத்தினா நுரையீரல்ல போய் நிக்கும். மூச்சுத் திணறிடும்" என்றார். ரத்தத்தில் உப்பு ஏறிக்கிடக்கிறது, இதயம் எந்த நேரமும் தடுமாறலாம், உடனே டயாலிசிஸ் வசதி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார். ஆம்புலன்ஸ் வந்தது.

போகிற வழியெல்லாம் மாமா தண்ணீர் கேட்டார். அதுவரை கொடுத்தபோதெல்லாம் அப்புறம் அப்புறம் என்றவர், நினைவு தப்பின பிறகு கூச்சமும் தப்பிவிட்டதால் வாய்விட்டுக் கேட்டார். "தண்ணி குடும்மா. ஒரு மொடக்கு குடும்மா." நான் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன். அதை அவர் உறிஞ்சப் பார்த்தார். ஓரிக்கைப் பாலம் தாண்டுவதற்குள் என் முந்தானை முழுக்க நனைந்துவிட்டது, என் கண்ணீரில்தான். பாலாறு வெறும் மணலாக ஜன்னலில் ஓடியது.

பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தில் குழாய் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். இரண்டாவது தடவை செய்ததும் விக்கல் நின்றது. அதற்கு அடுத்த நாள், கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் கையால் துண்டைத் தேடினார். அந்தக் கை தேடியதைப் பார்த்து நான் அழுதேன். என்னை யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் ஆபத்து போகவில்லை. கிட்னி தானாக வேலை செய்தால்தான் மிஷின் இல்லாமல் பிழைப்பார், அது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். எழுந்து வரலாம், வராமலும் போகலாம். கட்டிலின் ஓரத்தில் ஒரு பை தொங்கியது. அதில் சிறுநீர் இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையையே யாரும் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் போன் போட்டு அதை மட்டுமே கேட்டார்கள். "வந்துச்சா?" என் அப்பா கேட்டார். மில்லுக்காரர் கேட்டார். ரவிக்கை வாங்க வருகிறவர்கள் கேட்டார்கள். மாமியார் போனில் ஹலோகூடச் சொல்வதில்லை. "வந்துச்சாடி?" என்பார். நான், "இல்ல அத்தை" என்பேன். அந்தப் பக்கம் மாடு கத்துவது மட்டும் கேட்கும்.

நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி படத்தைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கப் போனவள் எதேச்சையாகக் கீழே பார்த்தேன். குழாயில் ஒரு மஞ்சள் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. காபிக் கலர் இல்லை, நல்ல மஞ்சள். துளித் துளியாகப் பையில் விழுந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தது.

"மாமா! வந்துடுச்சி! ஒன்னுக்கு வந்துடுச்சி மாமா!" என்று கத்தினேன். என் வாய் நீளத்துக்கு அன்றைக்குத்தான் ஒரு பிரயோஜனம் கிடைத்தது. சிஸ்டர்கள் ஓடி வந்தார்கள். எதிர்க் கட்டில்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். மாமா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"மெதுவா சொல்லும்மா. ஊரே பாக்குது."

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்குப் பொங்கிவிட்டது. "பாக்கட்டும் மாமா! எனக்குக் கூச்சப்பட்டுக்கினு தண்ணி குடிக்காம கெடந்தீங்களே, செத்துப் போயிருந்தா என்னா ஆயிருக்கும்? வாசல்ல போட்டு ஊரே பாக்கத்தான குளிப்பாட்டி இருப்பாங்க? அப்ப எந்தத் துண்ட எடுத்து தோள்ல போட்டிருப்பீங்க?" என்று கேட்டேன்.

கேட்டபின்தான் யாரிடம் கேட்டேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். போர்வை பிறகு மெல்ல இறங்கியது. மாமாவின் கண் கலங்கியிருந்தது.

"எம் பொண்ணுகிட்ட கேட்டிருப்பேம்மா" என்றார். "ஒங்கிட்டதான் முடியல. ஒன் கையால சோறு துன்றவன், அதே கையில எப்டிம்மா அத்தக் குடுக்கறது?"

நான் குனிந்து அந்தப் பையின் கீழிருந்த மூடியைத் திறந்து, அளவு டம்ளரில் பிடித்து, சிஸ்டரிடம் காட்டிவிட்டு நானே கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவி, அதே கையால் கஞ்சியைக் கரைத்து ஊட்டினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் குடம் குடமாகப் போனது. மிஷினை நிறுத்தினார்கள், கழுத்துக் குழாயை எடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகி, வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லோருக்கும் இப்படித் திரும்ப வருவதில்லை, நீங்கள் அதிர்ஷ்டக்காரர்கள் என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர். இனி டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை கூடாது, சொன்ன தேதிக்கு வந்து ரத்தம் பார்க்கவேண்டும், இனிமேல் ஆஸ்பத்திரியில் யாரைச் சேர்த்தாலும் எவ்வளவு குடிக்கிறார், எவ்வளவு போகிறார் என்று வீட்டு ஆட்களும் கவனிக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

ஊர் திரும்பினதும், "புது கிட்னி வெச்சாங்களாமே? யாருது?" என்று விசாரித்துக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது. ரவிக்கைத் துணியோடு வந்தவர்களுக்கெல்லாம் அளவு எடுத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். கேட்டவர்களில் ஒருத்தி, தன் மாமியாரும் பஸ்ஸில் ஊருக்குப் போவதென்றால் முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்றாள். இன்னொருத்தி துணியைப் போட்டுவிட்டு அவசரமாக வீட்டுக்குப் போனாள்.

மாமா இப்போதும் வாசலில் கனைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார், துண்டும் தோளில்தான் இருக்கிறது. அந்த மரியாதையை நானும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் அடுப்பங்கரையிலிருந்து, "மாமா, தண்ணி குடிச்சீங்களா? ஒன்னுக்குப் போனீங்களா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்கிறேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது, "ஆச்சும்மா" என்று பதில் வருகிறது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாருக்காவது விக்கல் எடுத்தால் யார் நினைக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. என் கை தானாகத் தண்ணீர்ச் சொம்பை எடுக்கிறது, மாமா நான் கேட்பதற்கு முன்பே "போனேம்மா" என்று சொல்லிவிடுகிறார், அந்த ஒரு சொல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.